மேக்கப்புக்குள்ள இருக்கிற பிளாஸ்ரிக்: தோலுக்கு ஒரு கணக்கு, கிணத்துக்கு வேற கணக்கு

பொலிமர், அதாவது பிளாஸ்ரிக் குடும்பத்துச் சாமான், கலந்த கிறீம் பூசினா தோலுக்குக் கூடாதோ எண்டு என்னட்ட வாற பிள்ளையள் இப்ப அடிக்கடி கேக்கினம். முந்தி உப்பிடி ஒருத்தரும் கேக்கிறேல்ல, வெள்ளையா வருமோ, எவ்வளவு நேரம் நிக்கும், எவ்வளவு காசு, அவ்வளவுதான். இப்ப ஃபோனில ஏதாவது வீடியோ பாத்திட்டு வந்து போத்தலைத் திருப்பிப் பின்பக்கம் வாசிச்சு "அக்கா, இதுக்குள்ள அக்ரிலேட் எண்டு கிடக்கு, உது பிளாஸ்ரிக் எல்லோ" எண்டு பயப்பிடுகினம். நான் யாழ்ப்பாணத்தில கோண்டாவில் பக்கம் சின்னதா ஒரு பார்லர் வைச்சிருக்கிறன், கலியாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம் எண்டு வெளிக்கிடுத்தவும் போறனான். என்ர விரல் உரிஞ்சு வேலையை விடுற நிலைமை வந்த பிறகுதான் உதுகளைத் தேடி வாசிக்கத் தொடங்கினது, எனக்கு விளங்கினதை எழுதுறன்.

முதலே ஒண்டு சொல்லிப்போடுறன். தோலுக்குக் கூடாதோ எண்டிறது ஒரு கேள்வி, மண்ணுக்கும் தண்ணிக்கும் கூடாதோ எண்டிறது வேற கேள்வி. ஒரே சாமானுக்கு முதலாவதில பாஸ் வரும், ரெண்டாவதில ஃபெயில் வரும். கனபேர் ரெண்டையும் ஒண்டாக் குழைச்சுப்போட்டுத்தான் ஒண்டில் எல்லாத்துக்கும் பயப்பிடினம், இல்லாட்டி ஒண்டுக்கும் பயப்பிடினமில்லை.

எங்க எங்க இருக்கு எண்டு பாத்தா, இல்லாத இடம்தான் குறைவு. பிறைமரில வழுக்குற மாதிரி இருக்கிறது டைமெதிகோன் எண்ட சிலிக்கோன். ஜெல் எண்டு வாறதைக் கட்டியா வைச்சிருக்கிறது காபொமர். ஹெயார் ஸ்பிறேயில விபி/விஏ கொபொலிமர், கொண்டிஷனரில பொலிகுவாற்றேனியம் எண்டு ஒரு நம்பரோட இருக்கும், பவுடர் பட்டுமாதிரி இருக்கிறதுக்கு நைலோன்-12, மஸ்காரா அழிஞ்சு ஒழுகாமல் இருக்க அக்ரிலேட்ஸ் கொபொலிமர். உதுகள் ஒண்டும் இல்லாமல் கலியாணப் பொம்பிளையை விடியப்புறம் நாலு மணிக்கு வெளிக்கிடுத்தி, ஹோமப்புகைக்கு முன்னால இருத்தி, மத்தியானம் சாப்பாடு முடியுமட்டும் முகம் கலையாமல் வைச்சிருக்க ஏலாது, அது எனக்குத் தெரியும், அதால பொலிமர் எண்டாலே நஞ்சு எண்டு நான் சொல்ல வரேல்ல.

பொலிமர் எண்டா என்ன எண்டு எனக்கு நானே விளங்கப்படுத்தினது உதிரிப்பூவையும் மாலையையும் வைச்சுத்தான். மொனொமர் எண்ட சின்ன மூலக்கூறு உதிரிப்பூ, அதுகள் கனக்கச் சேர்ந்த பொலிமர் கட்டின மாலை. மாலை பெரிசு, அது தோலுக்கு மேலதான் கிடக்கும். டால்ரன் எண்டது மூலக்கூறின்ர பாரத்தைச் சொல்லுற அளவு, தோலின்ர மேல்படை 500 டால்ரனுக்கு மேல பாரமான மூலக்கூறை லேசில உள்ள விடாது எண்டு தோல் மருத்துவத்தில ஒரு கணக்கு இருக்கு, 2000ஆம் ஆண்டில வந்த ஒரு கட்டுரையில இருந்து எல்லாரும் அதைத்தான் சொல்லினம். கிறீமில வாற பொலிமர் ஆயிரக்கணக்கில, லட்சக்கணக்கில டால்ரன் வரும். அதால டைமெதிகோன் தோலுக்குள்ள ஊறி இரத்தத்தில கலக்கும் எண்டு வீடியோவில கத்திறதெல்லாம் சும்மா கதை. குழந்தையளுக்கு நப்கின் போட்டுச் சிவந்தால் பூசுற கிறீமிலயே அது இருக்கு, அமெரிக்காவில 1 முதல் 30 வீதம் மட்டும் தோலைப் பாதுகாக்கிற மருந்துப் பொருளா அதை விட்டிருக்கினம்.

பிரச்சினை வாறது மாலையில கட்டுப்படாமல் மிஞ்சின பூவால. செய்யிற இடத்தில சரியாச் சேராமல் மிஞ்சின மொனொமர் சின்னது, அது உள்ள போகும், போனால் சிலதை உடம்பு எதிரியா நினைச்சு ஞாபகம் வைச்சிருக்கும். பொலிஅக்ரிலமைட் எண்ட சாமானில மிஞ்சிற மொனொமர் புற்றுநோயை உண்டாக்கலாம் எண்டு ஐரோப்பாவில அதுக்கு ஒரு எல்லை வைச்சிருக்கினம், உடம்பில பூசிக்கொண்டு விடுற கிறீமெண்டா மிஞ்சின அக்ரிலமைட் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது, மற்றதுகளுக்கு 0.5. நல்ல கம்பனி அதைப் பாத்துத்தான் செய்யும். ஆனா லேபிளுக்கு மேல இன்னொரு லேபிள் ஒட்டி, உள்ளுக்கு என்ன இருக்கெண்டே எழுதாமல் வாற மலிவுச் சாமானில ஆர் பாக்கிறது.

இப்ப என்ர விரல் கதைக்கு வாறன். ஜெல் நெயில் இங்க பிடிபடத் தொடங்கினாப் பிறகு வெளிநாட்டில இருந்து வாற பிள்ளையள் எல்லாரும் அதைத்தான் கேட்டினம், ஆடி ஆவணியில நல்லூர்த் திருவிழாவோட வந்து நிக்கிற நேரம் மூச்சுவிட நேரமில்லை. கொஞ்ச நாளால என்ர இடதுகைப் பெருவிரலும் சுட்டுவிரலும், அதுவும் நுனியின்ர சதைப்பக்கம் மட்டும், வறண்டு வெடிச்சு மெல்லிசா உரியத் தொடங்கிச்சு. சவர்க்காரத் தண்ணி பட்டுப்பட்டு வாறதெண்டு நினைச்சு இரவில தேங்காயெண்ணெய் பூசினன். வெடிப்பு ஆழமாகி, தேசிக்காய் பிழிய ஏலாது, கறிக்கு உப்புப் போட ஏலாது, சாறியில ஊசி குத்தேக்க இரத்தம் வரும். பிறகு கண்மடல் ரெண்டும் சிவந்து வீங்கிச்சு, அதுதான் எனக்கு விசராக்கிப்போட்டுது, ஏனெண்டா கண்ணில நான் ஒண்டும் பூசுறதே இல்லை.

தோல் டொக்டர் என்ர கையைப் பாத்திட்டு முதல் கேட்ட கேள்வி, "நீங்கள் எந்தக் கையால வாடிக்கையாளரின்ர விரலைப் பிடிக்கிறனீங்கள்?" இடதுகை எண்டன். பெருவிரலும் சுட்டுவிரலும் அந்த ஈர ஜெல்லில படுற இடம். பச் டெஸ்ற் கொழும்பில செய்தது, முதுகில சின்னச் சின்ன வட்டமா மருந்து ஒட்டி ரெண்டு மூண்டு நாளாலதான் பாப்பினம், எனக்கு ஹெமா (HEMA) எண்டுற இடம் சிவந்து கொப்பளிச்சு நிண்டது. ஹெமா எண்டது ஜெல்லில இருக்கிற ஒரு மெதாக்ரிலேட் மொனொமர், அது லாம்ப் வெளிச்சத்தில முழுக்கச் சேர்ந்து இறுகினாப் பிறகு ஒரு கரைச்சலும் இல்லை, இறுகமுதல் தோலில பட்டாத்தான் வினை. விரலில பட்டதைக் கண்ணில தேய்ச்சுத்தான் கண்மடல் வீங்கினது, கண்மடல் தோல் அவ்வளவு மெல்லிசு. டொக்டர் இன்னொண்டும் சொன்னவ, "இது இனி வாழ்நாள் முழுக்க இருக்கும், பல்லு அடைக்கப் போனாலும், எலும்புக்குச் சீமெந்து வைக்கிற ஒப்பரேஷன் எண்டாலும் முதலே சொல்லுங்கோ, அதுகளும் அக்ரிலேட்தான்." சீனி வருத்தக்காறர் தோலில ஒட்டுற சில சென்சர் பசையிலயும் இந்தக் குடும்பச் சாமான் இருக்காம், என்ர அம்மாவுக்குச் சீனி, எனக்கும் வரலாம், அதை நினைக்கத்தான் பயம்.

ஐரோப்பாவில 2021இல இருந்து ஹெமா இருக்கிற ஜெல்லைத் தொழில் செய்யிற ஆக்கள் மட்டும்தான் பாவிக்கலாம், அலர்ஜி வரலாம் எண்டு எழுதவும் வேணும். 2025 செப்ரெம்பரில ஜெல்லை வெளிச்சத்தில இறுகவைக்கிற டிபிஓ (TPO) எண்ட சாமானையும் நெயில் ஜெல்லில நிப்பாட்டிப் போட்டினம். இங்க அதே ஜெல்லை வீட்டில செய்யிற கிற் எண்டு லாம்ப்போட சேர்த்து விக்கினம், பள்ளிக்கூடப் பிள்ளையளும் வாங்கிப் போடுகினம், எனக்கு உண்மையா வயிறு எரியும்.

நகவேலை செய்யிற தங்கச்சிமாருக்கு: ஜெல் நகத்துக்கு மட்டும், ஓரத்துத் தோலில பட்டால் லாம்புக்குள்ள கை வைக்க முதலே துடைச்சு எடுங்கோ. ஒரு கம்பனியின்ர ஜெல்லை இன்னொரு கம்பனியின்ர லாம்ப்பில வைச்சால் மேல இறுகின மாதிரிக் காட்டும், அடியில பச்சையாக் கிடக்கும், சார்ஜ் இறங்கின ரிச்சார்ஜ் லாம்ப்பும் அப்பிடித்தான். இறுகினாப் பிறகும் மேல ஒரு பிசுபிசுப்புப் படை நிக்குமே, அது முழுக்க சேராத மொனொமர், வெறுங்கையால தொடவேண்டாம். மெல்லிய நைட்ரில் கையுறை போட்டாலும் இந்த மெதாக்ரிலேட் நிமிஷக் கணக்கில ஊடுருவி வந்திடும், லேற்றெக்ஸ் இன்னும் மோசம், அதால பட்ட உடன கழட்டி மாத்தவேணும், ஒரு சோடியைக் காலமை போட்டுப் பின்னேரம் கழட்டுறது கையுறை போடாத மாதிரித்தான். மற்றது, அலர்ஜி இருக்கோ எண்டு பாக்க முழங்கையில ஜெல்லைப் பூசிப் பாக்கிற வேலையே வேண்டாம், அந்த டெஸ்ற்றே அலர்ஜியைத் தொடக்கி வைக்கும். சாதாரண நெயில் பொலிஷிலயும் சிலதில ரொசிலமைட் ஃபோமல்டிஹைட் ரெசின் எண்டு ஒண்டு வரும், அதின்ர அலர்ஜி விரலில காட்டுறதை விட கண்மடலிலயும் கழுத்திலயும்தான் கூடக் காட்டும், கண்ணுக்கு என்ன பூசினனீங்கள் எண்டு கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போவம்.

ஒட்டுப்பொட்டும் உந்தக் கணக்கில சேரும். எங்கட ஒழுங்கையில ஒரு மாமிக்கு நெத்தியில பொட்டு வைக்கிற இடம் மட்டும் வட்டமா வெளிறிப்போச்சு, அதை மறைக்கவே இன்னும் பெரிய பொட்டா ஒட்டிக்கொண்டு திரிஞ்சவ. பொட்டின்ர பசையில பரா-ரெசறி-பியூற்றைல் ஃபீனோலில இருந்து செய்யிற ஒரு ரெசின் வரும், அதில சேராமல் மிஞ்சின ஃபீனோல் தோலுக்கு நிறம் குடுக்கிற கலங்களைக் கொல்லும், இந்தியத் தோல் டொக்டர்மார் இதைக் கனகாலமா எழுதி வந்திருக்கினம். மாமிக்குச் சொல்லி நிப்பாட்டிச்சு, ஓரம் கொஞ்சம் நிறம் திரும்பியிருக்கு, நடு இன்னும் வெள்ளைதான், எல்லாருக்கும் முழுக்கத் திரும்பும் எண்டில்லை. நெத்தி கடிச்சால், சிவந்தால் அண்டைக்கே ஒட்டுப்பொட்டை விடுங்கோ, சாந்துப்பொட்டோ குங்குமமோ வையுங்கோ, கலப்படக் குங்குமம் வேற கதை.

இயற்கை எண்டால் பயமில்லை எண்டு சொல்லுறதும் சரியில்லை. தேசிக்காய்ப்புளி பூசிக்கொண்டு வெயிலில நிண்டு கன்னம் கறுத்துப் பொங்கின பிள்ளை என்னட்ட வந்திருக்கு. அந்தப் பிள்ளை தேசிக்காய்ப்புளிக்குப் பதிலா சிலிக்கோன் பிறைமர் பூசியிருந்தால் ஒண்டும் வந்திராது.

வெக்கையைப் பற்றி ஒரு சின்ன விஷயம், இது வேலைக்குப் பிரயோசனம். கடையில வாற, காபொமர் போட்ட பச்சைக் கற்றாழை ஜெல்லில கொஞ்சத்தை ஒரு கோப்பையில எடுத்து ஒரு கிள்ளு உப்புப் போட்டுக் கலக்கிப் பாருங்கோ, கட்டியா இருந்தது கண்ணுக்கு முன்னால தண்ணியாப் போகும். அதைக் கட்டியா வைச்சிருந்தது கற்றாழையில்லை, காபொமர், காபொமருக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது. வேர்வையும் உப்புத்தானே, சித்திரை வெயிலில ஜெல் அடியில பூசி மேல பவுண்டேஷன் போட்டால் நெத்தியில இருந்து ஒழுகிறதுக்குக் காரணம் இதுதான், பவுண்டேஷனில பிழை இல்லை. சிலிக்கோன் பிறைமருக்கு மேல தண்ணிப் பவுண்டேஷன் போட்டால் அழிறப்பர்த் தூள் மாதிரி உருண்டு உருண்டு வாறதும் பொலிமர் ரெண்டு ஒண்டோடொண்டு சேராததாலதான், ஒரே வகையை அடியிலயும் மேலயும் போட்டால் நிக்கும். பிவிபி எண்ட பொலிமர் கூடின ஹெயார் ஜெல் காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும், மாரி காலத்தில தலை பிசுபிசுக்கும், அதுக்கு விபி/விஏ போட்ட ஸ்பிறே திறம்.

இதுவரைக்கும் தோல். இனித் தண்ணி.

பரிஸில இருந்து வந்த ஒரு பொம்பிளை, கொண்டைக்கும் தோளுக்கும் மினுக்கம் தூவ நான் கிளிட்டர்ப் பைக்கற்றை எடுக்க, "அக்கா, இது பிளாஸ்ரிக்கோ? எங்கட பக்கம் இப்ப உதுகளை விக்கேலாது" எண்டவ. நான் அப்ப பாவிச்சது கொப்பி பென்சில் விக்கிற கடையில வாங்கிற கைவேலைக் கிளிட்டர், இங்க முக்கால்வாசிப் பார்லரில அதுதான், மலிவு. அது பெற் (PET) எண்ட பிளாஸ்ரிக் தாளுக்கு அலுமினியம் பூசி ஆறுமூலைத் துண்டா வெட்டினது, மூலை கூர், கண்ணுக்குள்ள போனால் கீறும், அதாலயே அதை முகத்தில போடக்கூடாது. ஐரோப்பாவில 2023 ஒக்ரோபர் 17இல இருந்து வேணுமெண்டு கலக்கிற மைக்ரோபிளாஸ்ரிக்குக்கு, அதாவது சின்னஞ்சிறு பிளாஸ்ரிக் துணிக்கைக்கு, சட்டம் வந்திட்டுது, தூவுற கைவேலைக் கிளிட்டரும் முகம் தேய்க்கிற பிளாஸ்ரிக் மணியும் உடனயே நிண்டது, கழுவிற சாமானுக்கு 2027, பூசி விடுறதுக்கு 2029, மேக்கப், லிப்ஸ்ரிக், நெயில் பொலிஷுக்கு 2035 எண்டு தவணை. அமெரிக்கா மணியை 2015இலயே சட்டம் போட்டு நிப்பாட்டினது. பிளிமத் பல்கலைக்கழகத்தில ஒரு ஆராய்ச்சி செய்து, அந்த மணி போட்ட ஃபேஸ்வோஷால ஒருக்கா முகம் கழுவ 4,594 தொடக்கம் 94,500 மணி மட்டும் தண்ணியோட போகலாம் எண்டு 2015இல சொன்னவை. ஒருக்கா கழுவ!

பரிஸில முகம் கழுவிற தண்ணி குழாயால சுத்திகரிக்கிற இடத்துக்குப் போகும். கோண்டாவிலில எங்க போகும்? கிணத்தடியில குளிச்சால் வாய்க்காலால வாழைக்குப் போகும், பாத்ரூம் எண்டால் வளவுக்குள்ளயே ஒரு கிடங்குக்குப் போகும். எங்கட வீட்டு வாழையடியில ஒருநாள் களை பிடுங்கேக்க, செம்மண்ணைக் கிளறக் கிளற உள்ளுக்கு மினுங்கிச்சு, தங்க நிறமும் றோஸ் நிறமும். முந்தின ஆவணிச் சீசனில பிறஷ் கழுவி, தலை முழுகி ஊத்தின தண்ணி, அதுக்குப் பிறகு ஒரு மாரி முழுக்க மழை பெய்து ஓய்ஞ்சு போட்டுது, கிளிட்டரில நிறம்கூட மங்கேல்ல. விரலால தேய்ச்சுப் பாத்தன், மூலை அதே கூர். மண்புழு ஒண்டு அதுக்குள்ளால நெளிஞ்சு போச்சு.

யாழ்ப்பாணத்துக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள்ள மழைத்தண்ணி இறங்கி நிக்கிறதைத்தான் குடிக்கிறம். அந்தக் கல்லில வெடிப்பும் பொந்தும், தண்ணி மணலுக்குள்ளால வடிஞ்சு போற மாதிரி ஆறுதலாப் போறதில்லை. தோட்டத்து உரமும் மலகூடக் கிடங்கும் சேர்ந்து கிணத்தில நைத்திரேற்று கூடிப்போச்சு எண்டது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அப்ப கிடங்கில இருந்து கிணத்துக்கு வழி இருக்குத்தானே. அமெரிக்காவில இலினோய் மாநிலத்தில இதே மாதிரிச் சுண்ணாம்புக்கல் நிலத்தில 17 இடத்துத் தண்ணி எடுத்துப் பாத்து 16இல மைக்ரோபிளாஸ்ரிக் கண்டவை, 2019இல வந்த ஆராய்ச்சி, ஆகக்கூட லீற்றருக்கு 15.2 துணிக்கை. அது கிளிட்டர் இல்லை, எல்லாம் நூல் நார், உடுப்புத் தோய்க்கேக்க வாறது, மலகூடக் கிடங்குகளும் ஒரு வழியா இருக்கலாம் எண்டு சொல்லினம். இதை மறைக்காமல் சொல்லவேணும், ஏனெண்டா கடலுக்குப் போற சின்னப் பிளாஸ்ரிக்கில அழகுசாமான்ர பங்கு 2 வீதம், செயற்கைத் துணி தோய்க்கிறது 35 வீதம், வாகன ரயர் தேய்மானம் 28 வீதம் எண்டு ஐயூசிஎன் எண்ட உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2017இல கணக்குப் போட்டது. அப்ப என்ர கிளிட்டரை விட உங்கட பொலியெஸ்ரர்ச் சாறிதான் கூடக் குப்பை. ஆனா சாறி உடுக்காமல் இருக்கேலாது, கிளிட்டர் தூவாமல் இருக்கலாம்.

சட்டத்தில ஒரு ஓட்டை இருக்கு. மைக்ரோபிளாஸ்ரிக் எண்டு அவை எண்ணிறது 5 மில்லிமீற்றருக்குக் குறைஞ்ச, கரையாத, கெட்டியான துணிக்கையைத்தான். தண்ணியில கரையிற பொலிமரும் திரவமா வாற சிலிக்கோனும் அதுக்குள்ள வராது. மைக்ரோபிளாஸ்ரிக் இல்லை எண்டு பெரிசா எழுதின போத்தலுக்குள்ளயும் காபொமர், பொலிகுவாற்றேனியம் இருக்கலாம், பொய் சொல்லேல்ல, ஆனா முழுக்கதையும் சொல்லேல்ல. காபொமர் லேசில உக்காது. பொலிகுவாற்றேனியத்துக்குப் பிளஸ் சார்ஜ், அதாலதான் பழுதான தலைமயிரில ஒட்டி மினுமினுப்பு வாறது, அதே சார்ஜால மீனின்ர பூவிலயும் (செவுள்) ஒட்டி அதுக்குக் கெடுதல் செய்யும், மண்ணிலயும் ஒட்டும். வளவுக்குள்ள மண் இதை ஓரளவு வடிச்சு நிப்பாட்டும், ஆனா குருநகர்ப் பக்கம் கானால நேர கடல் நீரேரிக்குப் போற தண்ணியில அந்த வசதி இல்லை. கொண்டிஷனரை உச்சந்தலையில ஊத்தாமல் நுனிமயிருக்கு மட்டும் போட்டால் பாதிப் போத்தல் மிச்சம், காசும் மிச்சம்.

பார்லரில இப்ப என்ன செய்யிறன் எண்டால், கிளிட்டருக்குப் பதிலா மைக்கா எண்ட மினுங்கிற கல்லின்ர பவுடர். ஆறுமூலைக் கிளிட்டர் மாதிரி கமெராவில சுள்ளெண்டு அடிக்காது, ஒரு மெழுகு மினுக்கம்தான் வரும், எனக்கு அதுதான் வடிவு, பொம்பிளையின்ர தாய்மார் சிலபேருக்குக் காணாது. உக்கும் எண்டு எழுதி வாற கிளிட்டருக்கு நான் போகேல்ல, அதில கனக்கவற்றுக்கு நடுவில செல்லுலோஸ் எண்டாலும் மேல அலுமினியமும் ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் படையும் இருக்கு. மேக்கப் கழட்டேக்க நேர தண்ணி ஊத்திறேல்ல, முதல் தேங்காயெண்ணெய் பூசிப் பழைய பருத்திச் சாறித் துண்டால துடைச்செடுத்துப் போட்டுத்தான் கழுவிறது, முக்கால்வாசி துண்டோட போயிடும். பிறஷையும் அப்பிடித்தான், முதல் துண்டில தேய்ச்சுப் போட்டுப் பிறகு வாளித் தண்ணி. வெற் வைப்ஸ் அறவே இல்லை, அதில கனக்கவற்றில பொலியெஸ்ரர் இருக்கு. துடைச்ச துண்டை என்ன செய்யிறது எண்டதுதான் எனக்கு இன்னும் சரிவராத விஷயம். வளவுக்குள்ள கொளுத்தினால் நைலோனும் பெற்றும் எரிஞ்ச புகையை நாங்களே குடிக்கிறது, குப்பை லொறியில குடுத்தால் எங்கயோ ஒரு மேட்டில போய்ச் சேருது. இப்போதைக்கு மூடின வாளியில சேர்த்து லொறிக்குத்தான் குடுக்கிறன்.

முகம் தேய்க்கப் பயத்தமாவும் கொஞ்சம் அரிசிமாவும் போதும், மணி போட்ட ஸ்கிறப் இன்னும் சில கடையில பழைய ஸ்ரொக் கிடக்கு, லேபிளில பொலிஎதிலீன் எண்டு கண்டால் வாங்காமல் திருப்பி வையுங்கோ. எல்லாத்தையும் பாக்க நேரமில்லாட்டி கழுவி ஊத்திற சாமானை மட்டும் பாருங்கோ, ஃபேஸ்வோஷ், ஷம்பூ, கொண்டிஷனர், ஸ்கிறப். பூசிக்கொண்டு துடைக்கிறதைத் துண்டில பிடிக்கலாம், கழுவிறதைப் பிடிக்கேலாது. மைக்காவுக்கு நான் பைக்கேஜ் விலையில கொஞ்சம் கூட்டினன், ரெண்டு மூண்டு பேர் வேற பார்லருக்குப் போட்டினம், பரிஸ்காறி தன்ர மச்சாள்மார் ரெண்டுபேரை அனுப்பி வைச்சவ.